எண்ணெய்க்கு அடியில் எழுத்து

அரூர், ஊத்தங்கரை, செங்கம் பக்கத்துக் காட்டுவழிகளில் வேடியப்பன் இல்லாத ஊர் அபூர்வம். அவர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ, புன்செய் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழோ நிற்பார். பெரிய கல் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுப் பலகைக்கல்தான். அதில் புடைப்பாக ஓர் ஆண். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், பாய்வதற்கு எடுத்துவைத்த கால். முன்னால் சுடுமண் குதிரைகள். நேர்ந்துகொண்டவர்கள் கிடா வெட்டுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பிள்ளை பிறந்தால் வேடியப்பன் என்றே பெயரிடுவார்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பிரித்தாலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்தப் பெயர் இரண்டு மூன்றாவது இருக்கும்.

சாமி யார் என்று கேட்டால் வேட்டைக்குப் போன சாமி என்பார்கள், காவல் சாமி என்பார்கள். காலங்காலமாக ஊற்றிய எண்ணெயும் அப்பிய மஞ்சளும் குங்குமமும் கல்லின் மேல் ஒரு தோலாகவே படிந்திருக்கும். அந்தத் தோலைக் கழுவி எடுத்தால் சில கற்களில் வில்லுக்குப் பக்கத்திலும் தலைக்கு மேலும் எழுத்து வரும். வட்டெழுத்து. அந்த எழுத்து சொல்வது வேறு கதை: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர வந்தபோது, இன்னாரின் சேவகன் இன்னான் மந்தையை மீட்டு மாண்டான், அவனுக்கு எடுத்த கல் இது. ஆக, நிற்பவர் தெய்வமாகப் பிறந்தவர் இல்லை. மாட்டு மந்தைக்காக நடந்த ஒரு சண்டையில் செத்த, அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் உள்ள ஒரு ஆள்.

போரை நேரில் கண்ட ஒரு தலைமுறை மறைந்து, அவர்கள் நினைவு வரலாறாக மாறுவதைப் பற்றி இப்போது உலகமெங்கும் எழுதுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. 1945-இல் 18 வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று உயிரோடிருந்தால் நூறைத் தொட்டுக்கொண்டிருப்பார். யான் அஸ்மன் என்கிற ஜெர்மானிய எகிப்தியல் அறிஞர், வாய்வழியாகப் புழங்கும் நினைவுக்கு மூன்று நான்கு தலைமுறைதான் ஆயுள், 80 முதல் 100 ஆண்டு என்று கணக்குச் சொன்னார். அதற்கப்புறம் அது நூலாகவோ சடங்காகவோ நினைவுச் சின்னமாகவோ மாறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தருமபுரிக்காரனுக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது. இந்த மாற்றம் ஒருமுறை எங்கள் கண்முன்னே கல்லில் நடந்து முடிந்திருக்கிறது. நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பார்க்கும் வசதி எங்களுக்கு உண்டு.

கல் நடுவது ஒருநாள் வேலையாக இருக்கவில்லை. தொல்காப்பியம் அதை ஆறு கட்டமாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்துக் கொண்டுவருவது, நீரில் இடுவது, நடுவது, பெரும் படையலிடுவது, வாழ்த்துவது. ஆறிலும் ஊர் கூடி வேலை செய்தாக வேண்டும். பாறையிலிருந்து பலகை பெயர்த்துச் சுமந்தவர்களும் சோறு வடித்தவர்களும் செத்தவனை நேரில் அறிந்தவர்கள். ஆனால் கல்தச்சன் செதுக்கியது அவன் முகத்தை இல்லை. எல்லாக் கல்லிலும் ஏறக்குறைய ஒரே ஆள்தான்; அதே வில், அதே கால்வீச்சு, காலடியில் அதே கெண்டியும் சிமிழும். இவன் இன்னான் என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு முழுக்க எழுத்தின் மேல் விழுந்தது. நட்ட தலைமுறைக்கு எழுத்தே வேண்டியிருந்திருக்காது. அவர்களுக்குத்தான் ஆளைத் தெரியுமே. பேரன்களுக்கும் கேள்வி ஞானம் போதும். எழுத்து யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்கள் காலத்தில் வட்டெழுத்து வழக்கொழிந்துவிட்டது. சோழர் ஆட்சி இந்தப் பக்கம் ஊன்றியபின் தமிழெழுத்து பரவியது. பழைய எழுத்தைப் படிக்க ஆளில்லை. மிஞ்சியது வில்லோடு ஓர் ஆண். வில் வைத்திருப்பவன் வேடன். வேடன் வேடியப்பன் ஆனான். இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனாலும் எழுத்து கைவிட்ட இடத்தில் எண்ணெய் பொறுப்பேற்றுக்கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தக் காடுகளுக்குள் வந்தது. இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலம். 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி வெளிவந்தது. பிறகு தருமபுரிக் கல்வெட்டுகளும் அச்சேறின. மைப்படி எடுப்பதென்றால் கல்லைக் கழுவித்தான் ஆக வேண்டும். ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கிருந்தால் தாள் ஒட்டாது. இதில் எனக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. எழுத்தை மூடியது எண்ணெய்தான். ஆனால் அந்தக் கல்லை வரப்புக் கல்லாகவும் துவைக்கிற கல்லாகவும் போகவிடாமல் ஆயிரம் வருடம் நிறுத்திவைத்ததும் அதே எண்ணெய்தான். வரலாற்றாசிரியன் வந்து படிப்பதற்கு ஏதாவது மிச்சமிருந்தது என்றால், படிக்கத் தெரியாதவர்கள் கும்பிட்டதால் மிச்சமிருந்தது. படித்துச் சொன்ன பிறகும் யாரும் கும்பிடுவதை நிறுத்தவில்லை, பெயரை மாற்றிக் கூப்பிடவும் இல்லை. தருமபுரி நகரத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களுக்குப் பக்கத்தில் விவரப் பலகை இருக்கிறது, எண்ணெய் இல்லை. காட்டில் நிற்பவற்றுக்கு எண்ணெய் இருக்கிறது, பலகை இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்து நான் பார்த்ததில்லை.

படித்த கற்களில் என் மனதில் நிற்பது எடுத்தனூர்க் கல். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். எங்கள் எல்லையிலிருந்து தூரமில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தன் எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததாம். 1,400 வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்கு வந்தால் அங்கே ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 1914–18 பெரும்போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. 14 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. பல்லவன் காலத்து நாய்க்குக் கிடைத்தது பிரிட்டிஷ் பேரரசின் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

மணிக்கூண்டில் இடம் பற்றாமல் போயிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். பஸ்ராவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் அங்கே எழுப்பிய நினைவகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெயர் பெயராக இருக்கிறார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய் மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண். மாண்டவர் எவரானாலும் பதவி பார்க்காமல் பெயர் பொறிப்போம் என்ற கொள்கையோடு தொடங்கிய போர்க்கல்லறை ஆணையமே இப்படிச் செய்தது. 2021-இல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கப் படையாட்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர், பெயரளவில்கூட நினைவுகூரப்படவில்லை. மன்னிப்பும் கேட்டார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. பிரிட்டனில் அகழிப்போர் கண்ட கடைசிச் சிப்பாயான ஹாரி பாட்ச் 2009-இல் 111 வயதில் இறந்தபோது நாடே எழுந்து நின்றது. நம் பக்கம் கடைசி ஆள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமே இல்லை; முதலில் போனவர்களை எண்ணியிருந்தால் அல்லவா கடைசியாக இருப்பவரைத் தெரியும்?

எண்ணாததற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் போர் இங்கே எவருடைய சண்டையாகவும் இருக்கவில்லை. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1965-இல். மானாவாரி பூமி. கேழ்வரகும் சாமையும் மழை பெய்தால் உண்டு. பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது போனவர்கள் சம்பளத்துக்குப் போனார்கள். கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் கிட்டத்தில். அங்கே மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் ஆட்கள் பாலம் போட்டார்கள், கண்ணிவெடி எடுத்தார்கள், பாதை வெட்டினார்கள். மண்வெட்டி பிடித்த கைக்கு ஏற்ற வேலைதான். அவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன் அடுத்த உலகப் போரில், 1944-இல் இத்தாலியில் மிக்னானோ அருகே வெடிக்கப்போன கண்ணியின் மேல் தன் உடம்பைப் போட்டுப் பக்கத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். வில்லும் குறுவாளுமாகக் கல்லில் ஏறியிருக்க வேண்டிய ஆள் என்று அவரைப் பற்றிப் படித்தபோது தோன்றியது.

நான் சிறுவயதில் கண்ட மிலிட்டரிக்காரர் ஒருவர் போரைப் பற்றி நிறையவே பேசுவார். பேச்சு முழுக்கச் சாப்பாடு, குளிர், கப்பல், சம்பளம். தகர டப்பாவில் வந்த கறியை முதல்முறை பார்த்தது, இத்தாலியில் பனி விழுந்த காலையில் பல் தேய்க்கத் தண்ணீர் உறைந்து கிடந்தது. ஒவ்வொரு முறையும் அதே கதைகள், அதே வரிசை, அதே இடத்தில் சிரிப்பு. ஹிட்லர் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. திரும்பி வந்து கையிலிருந்த பட்டாளத்துக் காசில் ஒரு கிணறு வெட்டினார். உலகப் போரால் எங்கள் ஊரில் நடந்த ஒரே மாறுதல் அந்தக் கிணறுதான் என்று சொன்னால் மிகையாகாது. மூன்று ஏக்கர் மானாவாரி தோட்டமாயிற்று; இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஊர் அவரை மிலிட்டரிக்காரர் என்றே கூப்பிட்டது. அவர் இல்லாமல் போய்ப் பல வருடங்களுக்குப் பின்னும் அது மிலிட்டரிக்காரர் வீடுதான். அந்தத் தெருவில் இன்று விளையாடும் பையன்களுக்கு அவர் பெயர் தெரியாது. எந்த மிலிட்டரி, எந்தச் சண்டை என்பதும் தெரியாது. வேடியப்பனுக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கிறது. பெயர் உதிர்ந்து தொழில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்குக் கல் இல்லை என்பதால் எண்ணெய் ஊற்றவும் வழியில்லை.

பெரிய மனிதர்களின் போருக்கும் இதே கதிதான். தகடூர் என்ற பெயரில் இந்த ஊர் கண்ட மிகப் பெரிய போர் அதியமானுக்கும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்தது. அதைப் பாடத் தனியே ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூலே இருந்தது. நூல் போய்விட்டது, புறத்திரட்டிலும் உரைகாரர்களின் மேற்கோளிலும் சில பாட்டுகள் மட்டும் தங்கின. ஆனால் அதியமானுக்கு நட்ட கல்லின் முன்னால் நின்று ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வடித்துப் படைக்கிறார்கள். நாடு முழுக்கக் கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் வருகிறது. அந்தப் பாட்டைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். ஆளைத் தெரிந்தவர்களுக்கு நினைவுக்கல் பிடிக்காது. அது அவர்களுக்கானதே இல்லை. அவன் குரலைக் கேட்ட காதுக்குக் கல் ஒரு அவமானம். மூன்றாம் தலைமுறைக்குத்தான் கல் ஆறுதலாகிறது. இதே மண்ணில் வெகுகாலம் கழித்து, 1791-இல் ஆங்கிலேயப் படை திப்புவின் ஆட்களிடமிருந்து பென்னாகரம் கோட்டையைப் பிடித்தபோது செத்தவர்களுக்கு ஔவையும் இல்லை, கல்லும் இல்லை. மாக்ஸ்வெல் என்ற தளபதியின் பெயர் மட்டும் ராணுவ வரலாறுகளில் இருக்கிறது.

மூன்றாம் தலைமுறை கல் நட்டதற்கு அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது, தருமபுரியில் இல்லை, தாய்லாந்தில். 1942–43-இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மேற்கத்தியப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல் அதில் உழைத்து 12,000-க்கும் மேல் மடிந்தார்கள். அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் சினிமா உண்டு, காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கிற சுமார் 7,000 கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியக் கூலிகள் அங்கே மாண்டார்கள். அவர்களில் கணிசமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள். அவர்களையும் அவர்களின் பெற்றோரையும் கங்காணிகள் கப்பலேற்றியது சேலம், வடஆற்காடு, திருச்சி மாவட்டக் கிராமங்களிலிருந்து. சிப்பாய்க்கு நம்பராவது இருந்தது. இவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் இருந்த பெயரோடு கணக்கு முடிந்தது. வாந்திபேதி வந்தவர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள் என்பதைத் தப்பிவந்தவர்கள் சொல்லித்தான் உலகம் அறிந்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். தப்பிவந்தவர்களின் குரலைச் சிலர் ஒலிப்பதிவு செய்தார்கள். 2023-இல், சம்பவம் நடந்து சரியாக 80 வருடம் கழித்து, காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு கல் நட்டார்கள். தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்தது. நினைவுத்தூண், ஸ்தூபி, சிலை என்று எத்தனையோ வடிவங்கள் இருக்க, அவர்கள் அதற்கு நடுகல் என்றே பெயரிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்து எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் பாதி உண்மை. மாடு மீட்டுச் செத்தவனுக்கு ஊர் கல் நட்டது கைம்மாறு. அவனால் மந்தை வீடு திரும்பியது. தண்டவாளக் கட்டைக்கு அடியில் செத்தவர்களால் நமக்கு எதுவும் திரும்பவில்லை. அவர்களை வீரர் என்று கூப்பிடுவதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. அவர்கள் சண்டை போடவில்லை, பிடித்துப் போகப்பட்டார்கள். ஆனாலும் வேறு எந்த வடிவமும் நமக்குக் கைவசம் இல்லை. பொய்யென்று தெரிந்தும் அந்தக் கல்லுக்கு யாராவது எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

போன தலைமுறையின் சாட்சிகள் அத்தனை பேரும் போய்விட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம், அதுவும் சரியில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அந்தப் போரில் இருந்த ஒருவரின் மகள் ஐரீன் டிரிப்லெட் 2020 மே மாதம் சாகும்வரை அப்பாவின் கணக்கில் மாதம் 73 டாலர் 13 சென்ட் அரசிடம் வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா எண்பதைத் தாண்டி இரண்டாம் கல்யாணத்தில் பெற்ற பெண். போரின் கடைசி ஆள் பெரும்பாலும் சிப்பாய் இல்லை, ஒரு பெண். நம்மூரிலும் அப்படித்தான். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை தருகிறது. பட்டாளத்திலிருந்து வந்து முப்பது வயதுக்குமேல் கல்யாணம் செய்தவர்களுக்குப் பதினைந்து பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இன்று தொண்ணூறை ஒட்டி இருக்கிறார்கள். டிரங்குப் பெட்டி, டிஸ்சார்ஜ் புத்தகம், நாடா நைந்த இரண்டு மூன்று மெடல்கள் எல்லாம் அவர்கள் கட்டிலுக்கு அடியில்தான். கொடிநாளன்று மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்துகிறவர்கள், கொஞ்சம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பெயர், ஊர், படைப்பிரிவு, போன இடம், வந்த தேதி என்று எழுதிக்கொண்டால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு சின்னப் புத்தகமாவது தேறும். கிராமவாரியாக எழுத வேண்டும். வீரம், தியாகம் போன்ற சொற்கள் வேண்டாம். கோவிவன் கல்லை வெட்டியவன் அப்படியொன்றும் எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதினான். கிணறு வெட்டினார் என்றால் கிணற்றையும் எழுத வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஆயாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் மங்கல். மெடலை எடுத்துக் கையில் கொடுத்து, தாத்தா எந்தச் சண்டைக்குப் போனார், என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார் என்றேன். “எனக்கென்னா தெரியும் சாமி? அதெல்லாம் என்னைக் கட்டறதுக்கு முன்னாடி” என்றாள். பிறகு மெடலை ஓரமாக வைத்துவிட்டு, “அவரு அங்க யாருகிட்ட சண்டை போட்டாரோ. நான் இந்த வூட்டுல எங்க மாமியாகிட்ட முப்பது வருசம் போட்டனே, அதுக்கு எவன் பென்சன் குடுத்தான்? அதையும் எழுதிக்க” என்றாள். எழுதிக்கொண்டேன்.